"எல்லா கிரேக்கரும்" என்று ஒரு சொல்: பான்ஹெல்லெனிசம் பிறந்த கதை

கேள்வி இதுதான்: வரலாற்றுப் புத்தகத்தில் "பான்ஹெல்லெனிசம்" என்று ஒரு சொல் வருகிறது. பக்கத்தில் "கிரேக்க ஒற்றுமை" என்று பொருள் போட்டிருக்கிறார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் ஓயாமல் அடித்துக்கொண்ட மண்ணில் ஒற்றுமைக்கு என்று ஒரு சொல் எப்படி முளைத்தது?

முதலில் நேரடியான விடை. "பான்" என்றால் எல்லாம், முழுவதும். "ஹெல்லேனெஸ்" என்பது கிரேக்கர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். இரண்டும் சேர்ந்த "பான்ஹெல்லேனெஸ்" என்ற சொல்லுக்கு "எல்லா ஹெல்லேனியரும்" என்று பொருள். நாம் இப்போது "பான் இந்தியா படம்" என்கிறோமே, அந்தப் "பான்" இந்தக் கிரேக்கச் சொல்லேதான், ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்திருக்கிறது. "இசம்" ஒட்டிய கொள்கைப் பெயர் பழங்காலத்துச் சரக்கு இல்லை. ஸ்லாவியர் ஒற்றுமை, ஜெர்மானியர் ஒற்றுமை என்று ஐரோப்பா பேசிக்கொண்டிருந்த 19ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்தது அது. ஆனால் "பான்ஹெல்லேனெஸ்" என்ற மக்கள் பெயருக்கு வயது 2,600 ஆண்டுகளுக்கும் மேல்.

"கிரேக்க ஒற்றுமை" என்ற மொழிபெயர்ப்பு பாதி சரி, பாதி தவறு. அந்தச் சொல்லில் "ஒன்று" என்பதே கிடையாது, "எல்லாரும்" என்பதுதான் இருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் கிரேக்க வரலாற்றின் பல முடிச்சுகள் அவிழும் என்பது என் உறுதியான கருத்து. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹெல்லேனியர் என்பது தொடக்கத்தில் ஒரு சின்னக் கூட்டத்தின் பெயர். டிராய்ப் போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியத்தில் வடக்கே தெசாலியின் தென்பகுதியில் அகிலீஸ் ஆண்ட ஃப்தியா வட்டாரத்து மக்களுக்கு மட்டுமே அந்தப் பெயர். டிராய்க்குப் போன மொத்தப் படையையும் ஹோமர் அகாயர், தனாவர், ஆர்கிவர் என்றுதான் அழைக்கிறார். இதை முதலில் கவனித்துச் சொன்னவர் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ். டிராய்ப் போருக்கு முன் கிரேக்கர்கள் சேர்ந்து செய்த காரியம் எதுவும் இல்லை, அதனால்தான் எல்லாருக்கும் பொதுவான பெயரும் அப்போது இல்லை என்பது அவர் வாதம். ஹோமரிடம் "அயலார்" என்று பிறரைப் பிரித்துக் காட்டும் பெயர் இல்லாததற்கும் அவர் இதையே காரணமாகச் சொல்கிறார். தங்களுக்கு ஒரு பொதுப்பெயர் இருந்தால்தானே மற்றவர்களுக்கு ஒரு பொதுப்பெயர் வைக்க முடியும்!

இலியடில் ஒரே ஓர் இடத்தில் "பான்ஹெல்லேனெஸ்" வருகிறது. கப்பல்களைப் பட்டியல் போடும் இரண்டாம் பாகத்தில், லோக்ரிஸ் நாட்டு ஐயாஸ் ஈட்டி எறிவதில் "பான்ஹெல்லேனியரையும் அகாயரையும்" மிஞ்சியவன் என்று ஓர் அடி. அங்கேயும் அது மொத்தக் கிரேக்கரைக் குறிக்கவில்லை போலும், அகாயரைத் தனியாகச் சொல்லியிருக்கிறாரே. அந்த அடியே பிற்சேர்க்கையோ என்று பழங்கால உரைகாரர்களே சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

இங்கே மொழியியலாளர்கள் கண்டுபிடித்த ஒரு நுட்பம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. வடமேற்குக் கிரேக்கத்தில் "-ஆனெஸ்" என்று முடியும் இனப்பெயர்கள் நிறைய: அகர்னானெஸ், அதமானெஸ், ஐனியானெஸ். இவற்றில் அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். ஹெல்லேனெஸ் (பழைய வட்டார வழக்கில் ஹெல்லானெஸ்) இதே குடும்பம். அப்படியானால் அழுத்தம் "லே"யில் விழ வேண்டும். ஆனால் விழுவது முதல் அசையான "ஹெ"யில். ஏன்? கூட்டுச்சொல்லில் அழுத்தம் முன்னோக்கி நகர்வது கிரேக்க மொழியின் இயல்பு. பான்ஹெல்லேனெஸ் என்று சேர்த்துச் சொல்லும்போது அழுத்தம் இயல்பாகவே "ஹெல்"லுக்கு நகர்ந்துவிடும். அப்புறம் "பான்" உதிர்ந்தாலும் அழுத்தம் நகர்ந்த இடத்திலேயே நின்றுவிட்டது என்பது விளக்கம். அதாவது, கிரேக்கர் அனைவரையும் குறிக்கும் பெயராக முதலில் பரவியது "பான்ஹெல்லேனெஸ்"; வெறும் "ஹெல்லேனெஸ்" அதிலிருந்து கழன்று விழுந்தது. எல்லா அறிஞர்களும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கிடைக்கிற பழைய சான்றுகள் இதோடு நன்றாகவே பொருந்துகின்றன.

அந்தச் சான்றுகளில் ஒன்று பழங்காலக் கவிஞர் ஹெசியோதின் உழவுப் பாட்டு. குளிர்காலத்தில் சூரியன் கருநிற மக்களின் நாட்டுப் பக்கம் போய்விடுகிறான், பான்ஹெல்லேனியருக்குத் தாமதமாகத்தான் ஒளி தருகிறான் என்கிறார். இன்னொன்று கி.மு. 7ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஆர்கிலோகோஸ் எழுதியது. பாரோஸ் தீவுக்காரரான அவர் வடக்கே தாசோஸ் தீவில் குடியேறப் போனவர். போன இடம் அவருக்குப் பிடிக்கவில்லை. "பான்ஹெல்லேனியரின் துயரமெல்லாம் தாசோஸில் வந்து குவிந்துவிட்டது" என்கிற பொருளில் ஓர் அடி விட்டுப்போயிருக்கிறார். ஒரு மக்களின் ஒற்றுமைச் சொல் நம் கைக்குக் கிடைக்கும் மிகப் பழைய இடங்களில் ஒன்று, பல ஊர்களிலிருந்தும் வந்து ஓரிடத்தில் அல்லல்பட்டவர்களைப் பற்றிய புலம்பல். குடியேற்ற வாழ்க்கைதான் இந்தச் சொல்லுக்கு நீர் வார்த்திருக்கிறது.

இந்தப் பெயருக்கு ஒரு வம்சாவளிக் கதையும் பின்னால் அமைந்தது. ஊழி வெள்ளத்தில் தப்பிய தியூகாலியோனின் மகன் ஹெல்லேன். அவனுக்கு தோரோஸ், க்சூதோஸ், அயோலோஸ் என்று மூன்று பிள்ளைகள். க்சூதோஸின் மக்கள் இயோனும் அகாயோஸும். தோரியர், அயோலியர், இயோனியர், அகாயர் என்ற நான்கு கிளைக்கும் ஆளுக்கொரு மூதாதை கிடைத்துவிட்டார்கள். பேரப்பிள்ளைகள் நான்கு கிளையாகப் பிரிந்தும் பாட்டன் ஒருவர்தான் என்று நிறுவுவதற்காகக் கோத்த கதை அது.

வெளியார் வைத்த பெயர் வேறு. இத்தாலிக்காரர்கள் "கிரைகோய்" என்ற ஒரு கூட்டத்தின் பெயரை எல்லாருக்கும் வைத்தார்கள். "கிரேக்கர்" அங்கிருந்து வந்தது. பாரசீகர்கள் தங்களுக்கு அருகில் இருந்த இயோனியரைப் பார்த்து எல்லாரையும் "யௌன" என்றார்கள். அதுவே வடமொழியில் "யவன" ஆகி, சங்கப் பாடல்களின் "யவனர்" வரை வந்துசேர்ந்தது.

சரி, அரசியல் ஒற்றுமை இல்லாத இடத்தில் இந்தப் பொதுப்பெயர் எதன் மேல் நின்றது? கருங்கடல் முதல் ஸ்பெயின் கரை வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகர அரசுகள். ஊருக்கு ஊர் நாட்காட்டி வேறு, நாணயம் வேறு, எழுத்து வடிவம்கூடத் தொடக்கத்தில் வேறு. இவர்கள் கூடிய இடங்கள் திருவிழாக்கள்தான். ஒலிம்பியாவில் சீயஸுக்கு, டெல்ஃபியில் அப்பொல்லோவுக்கு, இஸ்த்மியாவில் பொசைடனுக்கு, நெமேயாவில் மறுபடி சீயஸுக்கு. இந்த நான்கையும்தான் பான்ஹெல்லெனிக் போட்டிகள் என்கிறார்கள். ஒலிம்பியா மரபுப்படி கி.மு. 776இல் தொடங்கியது, மற்ற மூன்றும் கி.மு. 6ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். ஒலிம்பியாவில் தீர்ப்புச் சொன்ன நடுவர்களின் பெயரே "ஹெல்லனோதிகாய்", ஹெல்லேனியரின் நடுவர்கள். மாசிடோனிய மன்னர் முதலாம் அலெக்சாந்தர் (பேரரசர் அலெக்சாந்தருக்குப் பல தலைமுறை மூத்தவர்) ஓடப் போனபோது, "இது ஹெல்லேனியருக்கு மட்டும்" என்று சக போட்டியாளர்கள் தடுத்தார்கள். தன் வம்சம் ஆர்கோஸிலிருந்து வந்தது என்று நிரூபித்த பிறகே அவரை விட்டார்கள் என்று பழங்கால வரலாற்றாசிரியர் ஹெரோதோத்தஸ் எழுதுகிறார். யார் உள்ளே, யார் வெளியே என்று முடிவாகிற வாசல் அது.

ஒலிம்பிக் சமாதானத்தால் போர்கள் எல்லாம் நின்றுவிட்டன என்று பலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. விழாவுக்குப் போகிறவர்களுக்கும் அந்தப் புனிதத் தலத்துக்கும் பாதுகாப்பு, அவ்வளவுதான் அந்த ஏற்பாடு. அதுவும் சில சமயம் உடைந்தது. கி.மு. 420இல் சமாதானத்தை மீறியதாகச் சொல்லி ஸ்பார்ட்டாவை விழாவுக்கே சேர்க்கவில்லை. கி.மு. 364இல் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே எலிஸ்காரர்களும் அர்காதியரும் ஒலிம்பியாவின் புனித எல்லைக்குள்ளேயே சண்டை போட்டார்கள்.

வெளிநாட்டில்தான் "நாமெல்லாம் ஒரே ஆட்கள்" என்ற உணர்வு சீக்கிரம் வரும். எகிப்தில் நைல் கழிமுகத்தில் நவுக்ராதிஸ் என்று ஒரு கிரேக்க வணிக ஊர். மன்னர் அமாசிஸ் காலத்தில் அங்கே ஒன்பது நகரங்கள் சேர்ந்து ஒரு பொதுக்கோயில் கட்டின. இயோனிய நகரங்கள் நான்கு, தோரிய நகரங்கள் நான்கு, அயோலியர் சார்பில் மித்திலேனே ஒன்று. கோயிலுக்கு "ஹெல்லேனியோன்" என்று பெயர். அங்கே கிடைத்த பானை ஓடுகளில் "ஹெல்லேனியரின் தெய்வங்களுக்கு" என்று பொறித்த காணிக்கைகள் இருக்கின்றன. அப்போதும்கூட ஐகினா, சாமோஸ், மிலேத்தோஸ் மூன்றும் தங்களுக்குத் தனித்தனிக் கோயில் வைத்துக்கொண்டன.

அடுத்தது பாரசீகப் போர், அதாவது பாரசீகப் பேரரசு கிரேக்கத்தின் மேல் படையெடுத்து வந்த போர். இந்தச் சொல்லுக்கு அரசியல் எடை வந்தது இங்கேதான். கி.மு. 480-479 குளிர்காலத்தில் பாரசீகத் தளபதி மர்தோனியோஸ் ஏதென்ஸிடம் சமாதானம் பேச ஆள் அனுப்புகிறார். தூது வந்தவர், நாம் மேலே பார்த்த அதே மாசிடோனிய அலெக்சாந்தர். ஏதென்ஸ் விலைபோய்விடுமோ என்று ஸ்பார்ட்டாவுக்குப் பயம். அப்போது ஏதென்ஸ் சொன்னதாக ஹெரோதோத்தஸ் எழுதிய பதில்தான் கிரேக்கத்தன்மைக்கு மிகப் பழைய வரையறை: ஒரே இரத்தம், ஒரே மொழி, பொதுவான தெய்வக் கோயில்களும் பலிகளும், ஒத்த பழக்கவழக்கங்கள். இவற்றைக் காட்டிக்கொடுக்க எங்களால் ஆகாது என்றார்கள். பலரும் இந்த வாக்கியத்தோடு நிறுத்திவிடுவார்கள். சில மாதங்கள் கழித்து மர்தோனியோஸ் ஏதென்ஸை மறுபடி பிடித்தார். ஸ்பார்ட்டா திருவிழாவைச் சாக்குச் சொல்லி நாள் கடத்தியது. உதவி வராவிட்டால் பாரசீகரோடு சேர வேண்டிவரும் என்று அதே ஏதென்ஸ் மிரட்டிய பிறகுதான் ஸ்பார்ட்டாவின் படை கிளம்பியது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். அந்த வரையறையைச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அதில் "ஒரே அரசு" என்று ஓர் அம்சம் இல்லை என்பதைப் பாருங்கள்.

பிளாட்டேயாவில் பாரசீகரை வென்ற பிறகு கொள்ளைப்பொருளில் பத்தில் ஒரு பங்கை டெல்ஃபி தெய்வத்துக்கு ஒதுக்கினார்கள். ஒன்றோடொன்று பின்னிய மூன்று பாம்புகளாக ஒரு வெண்கலத் தூண், மேலே தங்க முக்காலி. தளபதியாக இருந்த ஸ்பார்ட்டாவின் பவுசானியாஸ், "ஹெல்லேனியரின் தலைவன்" என்று தன் பெயரைப் போட்டு ஓர் ஈரடிப் பாட்டைப் பொறித்துவிட்டார். ஸ்பார்ட்டாவே அதை அழித்துவிட்டு, சேர்ந்து போரிட்ட நகரங்களின் பெயர்களைப் பொறித்தது. மொத்தம் 31 பெயர்கள். மேலே "இவர்கள் போரிட்டார்கள்" என்று ஒரு வரி, அப்புறம் லகேதைமோனியர் (ஸ்பார்ட்டாக்காரர்தான்), ஏதென்ஸியர், கொரிந்தியர் என்று வரிசை. தேனோஸ் என்ற சின்னத் தீவின் பெயரும் உண்டு. பாரசீகரோடு நடந்த சலாமிஸ் கடற்போருக்கு முன் எதிரிப் பக்கத்திலிருந்து அவர்களின் ஒரு கப்பல் தப்பிவந்து சேதி சொன்னதற்காகக் கிடைத்த இடம் அது. தீப்ஸின் பெயர் இல்லை, அது பாரசீகப் பக்கம் நின்றது. ஒதுங்கி நின்ற ஆர்கோஸின் பெயரும் இல்லை. ஆனால் ஆர்கோஸுக்கு அடுத்தாற்போல் இருந்த குட்டி ஊர் மைசீனையின் பெயர் உண்டு. கி.மு. 468 வாக்கில் ஆர்கோஸ் மைசீனையை அழித்தது. அதற்கு இந்தப் பொறாமையும் ஒரு காரணம் என்று பழைய நூலாசிரியர்கள் சொல்கிறார்கள்.

தங்கத்தைப் பிற்காலத்தில் டெல்ஃபியைச் சுற்றியிருந்த ஃபோகிஸ் நாட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். தூணை ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் தன் புதுத் தலைநகருக்குக் கொண்டுபோனார். இன்றும் இஸ்தான்புலில் பழைய குதிரைப் பந்தயத் திடலில் அது தலையில்லாமல் நிற்கிறது. ஒரு பாம்புத் தலையின் மேல்பாதி மட்டும் அந்நகரத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. "பான்ஹெல்லேனெஸ்" என்றால் என்ன என்று கேட்டால் நான் இந்தத் தூணைத்தான் காட்டுவேன்: தலைவனின் பெயரை அழித்துவிட்டு, ஊர் ஊராகப் பெயர் போட்ட பட்டியல்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறுகிறது. அதற்கு முன், ஏதென்ஸ் அணியும் ஸ்பார்ட்டா அணியும் மோதிய பெலொப்பொனீசியப் போரில் கிரேக்கர்கள் ஒருவரையொருவர் 27 ஆண்டுகள் அழித்துக்கொண்டார்கள். அந்தப் போரின் நடுவிலேயே, கி.மு. 411இல், அரிஸ்தோஃபனீஸின் நாடகத்தில் லிசிஸ்திராத்தா என்ற பெண் இரு தரப்பையும் நிற்கவைத்துக் கேட்கிறாள்: ஒலிம்பியாவிலும் டெல்ஃபியிலும் உறவினர்களைப் போல ஒரே நீரைப் பலிபீடத்தில் தெளிக்கிறீர்கள், எதிரி படையோடு பக்கத்தில் இருக்கும்போது கிரேக்க ஊர்களையே அழிக்கிறீர்களே? கேள்வியில் இருக்கும் வலி நாடகத்துக்காகச் செய்தது அல்ல.

போர் முடிந்த பிறகு இதையே கொள்கையாக்கியவர் ஏதென்ஸின் இசோக்ரதீஸ். குரல் வளம் இல்லாததால் மேடை ஏறாமல் எழுதியே பரப்பியவர். கி.மு. 380 வாக்கில் அவர் வெளியிட்ட உரைக்கு "பனெகிரிகோஸ்" என்று பெயர். விழாக்கூட்டத்துக்கான உரை என்று பொருள். அதிலும் "பான்" இருக்கிறது. அதில் இரண்டு செய்திகள். ஒன்று, "ஹெல்லேனியர்" என்பது இனி இரத்தத்தின் பெயர் அல்ல, எங்கள் கல்வியைப் பெற்றவர்களின் பெயர் என்பது. இன்னொன்று, உள்சண்டை நிற்க வேண்டுமானால் எல்லாரும் சேர்ந்து பாரசீகத்தின் மேல் படையெடுக்க வேண்டும் என்பது. நல்ல சொல்லில் நஞ்சு கலந்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன். சேர்ந்து கும்பிடுவதற்கான சொல் சேர்ந்து அடிப்பதற்கான சொல்லாகிவிட்டது.

படையை நடத்த ஒரு தலைவன் வேண்டுமே? கி.மு. 346இல் இசோக்ரதீஸ் மாசிடோனிய மன்னர் பிலிப்புக்கே எழுதினார். பிலிப் கி.மு. 338இல் கைரோனேயாவில் ஏதென்ஸையும் தீப்ஸையும் நசுக்கி, கொரிந்தில் ஒரு கூட்டணி அமைத்தார். ஸ்பார்ட்டா சேரவில்லை. மகன் அலெக்சாந்தர் கி.மு. 334இல் கிரானிகோஸ் ஆற்றங்கரையில் வென்று 300 பாரசீகக் கவசங்களை ஏதென்ஸுக்கு அனுப்பினார். அதில் எழுதியது: "பிலிப்பின் மகன் அலெக்சாந்தரும், லகேதைமோனியர் தவிர்ந்த ஹெல்லேனியரும், ஆசியாவில் வாழும் அயலாரிடமிருந்து." "தவிர்ந்த" என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை கோபம்! அதே போரில் பாரசீகரிடம் கூலிக்குப் போரிட்ட கிரேக்க வீரர்களில் பிழைத்த 2,000 பேரை விலங்கிட்டு மாசிடோனியாவுக்குக் கடின உழைப்புக்கு அனுப்பினார். ஹெல்லேனியராக இருந்துகொண்டு ஹெல்லேனியரின் பொதுமுடிவுக்கு எதிராகப் போரிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. ஒற்றுமைச் சொல் தண்டனைச் சட்டமாகிவிட்டது.

ரோமர் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பேரரசர் ஹாத்ரியன் கி.பி. 131-132இல் ஏதென்ஸை மையமாக வைத்து "பான்ஹெல்லேனியோன்" என்ற நகரக் கழகம் தொடங்கினார். சேர விரும்பும் நகரம் தன் கிரேக்க வம்சத்தைக் காட்ட வேண்டும். அதிகாரம் ரோமிடம், பெருமை கிரேக்கரிடம்.

கிறித்தவம் பரவியதும் "ஹெல்லேன்" என்றால் பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவன் என்றாயிற்று. கிரேக்க மொழி பேசிய மக்களே தங்களை "ரோமியோய்", அதாவது ரோமர், என்று சொல்லிக்கொண்டார்கள். 1912இல் கிரேக்கப் படை, துருக்கிய ஆட்சியில் இருந்த லெம்னோஸ் தீவில் இறங்கியபோது, வேடிக்கை பார்க்க ஓடிவந்த சிறுவர்களிடம் வீரர்கள் "என்ன பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார்களாம். "ஹெல்லேனியரைப் பார்க்கிறோம்." "நீங்களும் ஹெல்லேனியர்தானே?" "இல்லை, நாங்கள் ரோமர்." அந்தத் தீவில் பிறந்து பின்னாளில் வரலாற்றாசிரியரான பீட்டர் கரானிஸ் சொன்னது இது.

1821இல் துருக்கிய ஆட்சிக்கு எதிராகத் தொடங்கிய விடுதலைப் போரோடு பழைய பெயர்கள் எல்லாம் திரும்பி வந்தன. 1828இல் புதிய கிரேக்கத்தின் ஆட்சித் தலைவர் கபோதிஸ்திரியாஸ் அமைத்த 27 பேர் ஆலோசனைச் சபைக்கு "பான்ஹெல்லேனியோன்" என்றே பெயர் வைத்தார்கள். ஆனால் அந்த நூற்றாண்டில் மக்களை உலுக்கிய சொல் வேறு: "ஏனோசிஸ்". இது "ஒன்று" என்று பொருள்படும் "ஹென்" என்ற வேரிலிருந்து வந்தது, ஒன்றாக்குதல், இணைப்பு. வெளியே இருக்கும் கிரேக்க நிலங்களைத் தாய்நாட்டோடு சேர்ப்பது. 1864இல் இயோனியத் தீவுகள் சேர்ந்தன, 1881இல் தெசாலியின் பெரும்பகுதி, 1913இல் கிரீட், 1947இல் தொதெகானீஸ் தீவுகள். கிரீட் கிளர்ச்சிக் கொடிகளில் "ஏனோசிஸ் அல்லது மரணம்" என்று எழுதினார்கள். சைப்ரஸில்தான் அது முறிந்தது. 1950இல் அங்கே திருச்சபை நடத்திய வாக்கெடுப்பில் கிரேக்க சைப்ரியர்களில் சுமார் 96 விழுக்காட்டினர் இணைப்பைக் கேட்டார்கள். மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்த துருக்கிய சைப்ரியர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. 1955இல் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக ஆயுதப் போராட்டம், 1960இல் எந்த நாட்டோடும் இணையக் கூடாது என்ற அரசியலமைப்போடு விடுதலை, 1974 ஜூலை 15 அன்று இணைப்பு ஆதரவாளர்களின் ஆட்சிக் கவிழ்ப்பு, ஐந்தே நாளில் துருக்கிப் படை. தீவு இன்றும் இரண்டாகக் கிடக்கிறது.

ஆகவே தமிழில் எழுதும்போது இந்த இரண்டையும் "கிரேக்க ஒற்றுமை" என்ற ஒரே பையில் போடாதீர்கள். ஏனோசிஸ் என்பதற்கு "இணைப்பு" சரி. பான்ஹெல்லெனிக் என்பதற்கு "அனைத்துக் கிரேக்க" என்று எழுதுங்கள்: அனைத்துக் கிரேக்கப் போட்டிகள், அனைத்துக் கிரேக்கக் கோயில். பான்ஹெல்லெனிசம் கொள்கையாக வருமிடத்தில், இசோக்ரதீஸ் காலத்தைப் பற்றியா, 19ஆம் நூற்றாண்டைப் பற்றியா என்று பார்த்து ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடுங்கள். இன்றைய கிரேக்கத்தில் அந்தச் சொல்லைத் தினமும் புழங்குகிறவர்கள் பள்ளி இறுதி ஆண்டு மாணவர்கள். பல்கலைக்கழக நுழைவுக்கான நாடு தழுவிய தேர்வுக்கு அங்கே "பனெலினியெஸ்" என்று பெயர், பழைய பான்ஹெல்லேனெஸ் சொல்லிலிருந்து வந்ததுதான். இன்றைய உச்சரிப்பில் "ஹ்" ஒலி தேய்ந்துபோய்விட்டது, "பான்" அப்படியே இருக்கிறது.